ஃபிட்டர் வீட்டு எர்த்

அந்தத் தெருவில் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் முதலில் ஓடுவது ஃபிட்டர் வீட்டுக்குத்தான். மின்சார ஆபீசுக்குச் சொல்லிவிட்டு நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில், ஃபிட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு வந்து நிற்பார். ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

வீடு அவர் கையால் எழுந்தது. சுவர் மட்டும்தான் கொத்தனாருடையது. வயரிங், தண்ணீர்க் குழாய், மெயின் போர்டு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவரே செய்தவை. "இந்த வீட்டுல அடுத்தவன் கை பட்ட ஸ்க்ரூ ஒண்ணு கிடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "நல்லவேளை, என்னை மட்டும் வேற ஆளு செஞ்சாங்க" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவள் ஒரு துணி கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, நூல் தப்பியிருக்கிறதா, பொத்தான் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு சட்டை வெளியே போனதில்லை என்று மேனேஜரே சொல்வார். ஆனால் வீட்டில் அவளால் ஒரு ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள், "இந்த சுவிட்சு கொஞ்சம் லூசா இருக்குங்க" என்று சொல்லிவிட்டாள். மனிதர் வீட்டிலிருந்த அத்தனை சுவிட்சுப் பெட்டியையும் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார். வாரம் முழுக்க மெழுகுவத்திதான். எதிலும் குறையில்லை என்று தெரிந்து திரும்ப மாட்டிய பிறகும், "குறை கண்டுபிடிச்சே பொழைக்கிறவளுக்கு எல்லாமே குறைதான்" என்று மாசக்கணக்கில் சொல்லிக் காட்டினார். அன்றிலிருந்து அவள் சின்னச் சின்னக் குறைகளோடு வாழப் பழகிக்கொண்டாள். ஓரத்தில் அழுத்தினால்தான் எரியும் விளக்கு, தூக்கிச் சாத்த வேண்டிய கதவு எல்லாம் அவளுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிற விஷயம். அவர் காதுக்குப் போகாது.

சிறுநீரகம் கெட்டுப்போனது என்று தெரிந்தபோது ஃபிட்டர் அதையும் ஒரு இயந்திரக் கோளாறு போலத்தான் கேட்டுக்கொண்டார். "ஃபில்டர் அடைச்சுக்கிச்சு, அவ்வளவுதானே?" என்று டாக்டரிடமே கேட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகிற வழியெல்லாம் குண்டும் குழியும். திரும்பி வரும்போது வண்டியிலிருந்து அவரை இறக்கவே இரண்டு பேர் வேண்டும். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் இதயமும் பலவீனமாகிவிட்டது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த அலைச்சலை அவர் உடம்பு இனிமே தாங்காதும்மா. மிஷினை வீட்டுக்கே கொடுக்கிறோம். சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்க. வீடு ரெடியாகலைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். கூடத்துச் சுவரில் கறுப்பு மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பீங்கான் ஃப்யூஸ்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா இது, அருங்காட்சியகத்துல இருக்க வேண்டியதை இங்க மாட்டி வச்சிருக்கீங்க?"

"அது இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட காலை வாரினதில்லை" என்றார் ஃபிட்டர் படுக்கையிலிருந்து. குரல் மெலிந்திருந்தாலும் கோபம் மெலியவில்லை.

"வாரியிருக்காது அப்பா. ஆனா மிஷினுக்குத் தனி லைன் வேணும், தனி பிரேக்கர் வேணும். கரண்ட் வேற வழியில கொஞ்சம் கசிஞ்சாக்கூட தானே விழுந்துடுற பிரேக்கரா இருக்கணும். நல்ல எர்த் வேணும். மிஷின் தண்ணியில ஓடுறது, உங்க உடம்போட சேர்ந்து ஓடுறது. இதெல்லாம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஃபிட்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்டூலில் ஏறி நிற்க அவர் காலில் இப்போது பலம் இல்லை. கடைசியில் சுவரைப் பார்த்தபடியே, "ரேடியோவைக் கூப்பிடு" என்றார்.

ரேடியோ பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன். வாய் ஓயாது. வேலை செய்கிற கையைவிட வாய்தான் வேகமாக ஓடும் என்பதால் அந்தப் பெயர். வந்தவன் போர்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைக் கழட்டுறதுக்கு எனக்கே மனசு வரல. வேணும்னா இது பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றான்.

"கழட்டுறதைப் பதமா கழட்டு. பீங்கான் ஒடைஞ்சா உன் பல்லு ஒடையும்."

"பல்லுல ஏற்கெனவே ரெண்டு லூஸ் கனெக்‌ஷன் இருக்குண்ணே."

மிஷினை எந்த அறையில் வைப்பது என்பதில் பேச்சே இல்லை. தண்ணீர் வசதியும் சாக்கடை வசதியும் ஒட்டியிருக்கிற அறை ஒன்றுதான். வாலுவின் அறை.

வாலு அவர்களுடைய ஒரே மகள். பிறந்ததிலிருந்தே ஓரிடத்தில் நிற்காததால் வாலு. கல்லூரியில் சேர்ந்த வருஷம், குளிர்காலத்தில் ஒரு காலை, குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, அம்மா கத்தத் தொடங்கிய நேரத்தில் இரவு ஷிப்டு முடிந்து ஃபிட்டர் உள்ளே நுழைந்தார். காலில் ஆலை பூட்ஸோடு கதவை உதைத்துத் திறந்தார். பெண் ஈரத்தரையில் கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றிருக்கிறது, பிறவியிலேயே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்றார். சின்ன வயது, பெண் பிள்ளை, அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அறுக்கவில்லை.

ஆனால் பேச்சை அறுக்க முடியவில்லை. மாரடைப்பில் போனவர் இரண்டு குடும்பத்திலும் ஒரே ஒருவர்தான். ஃபிட்டர் மனைவியின் அப்பா. "எங்க வம்சத்துல யாருக்கும் நெஞ்சு நோவே கிடையாது" என்று நாத்தனார் துக்க வீட்டிலேயே ஆரம்பித்தாள். பிறகு வந்த வருஷங்களில், ஏதோ ஒரு சண்டையில், ஃபிட்டரும் ஒரு தடவை சொல்லிவிட்டார்: "உங்க அப்பன் கொடுத்த நெஞ்சுதானேடி அது." ஒரே ஒரு தடவைதான். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். தன் ரத்தத்தில் வந்த குறை தன் மகளைக் கொண்டுபோய்விட்டது என்று நம்பவும் செய்தாள். அந்தக் குளியலறையை யாரும் பூட்டவில்லை. யாரும் திறக்கவும் இல்லை. பின்கட்டில் ஒரு தடுப்பு வைத்துக் குளித்துக்கொண்டார்கள்.

புதுப் பெட்டியை மாட்டி, லைன் லைனாக இணைத்துக்கொண்டு வந்தான் ரேடியோ. கூடம் சரி. சமையலறை சரி. மிஷினுக்கான தனி லைன் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. கடைசியாக வாலு அறைக் குளியலறையின் ஹீட்டர் சுவிட்சைப் போட்டான். டப்பென்று பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டான். திரும்ப விழுந்தது.

"என்ன அண்ணி இது, புது மருமக மாதிரி தொட்டா கோவிச்சுக்குது!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவளும் பின்னால் போனாள். எத்தனையோ வருஷத்துத் தூசியும் காய்ந்த சோப்பின் மணமும் இன்னும் உள்ளே இருந்தன. அவன் அந்த ஒரு லைனை மட்டும் கசிவு பிரேக்கரிலிருந்து பிரித்து நேராகக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஹீட்டரை ஓடவிட்டான். ஹீட்டர் மேல் டெஸ்டரை வைத்தான். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தது. "பாடி லீக்கு. உள்ள காயில் வெடிச்சிருக்கும். அந்தக் காலத்து ஹீட்டர்ல இது சகஜம்தான்..." என்று சொல்லிக்கொண்டே, சும்மா ஒரு பழக்கத்தில், கீழே குழாயின் மேலும் டெஸ்டரை வைத்தான்.

அங்கேயும் விளக்கு எரிந்தது.

ரேடியோ பேசுவதை நிறுத்தினான்.

சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போனான். தெருக் குழாய் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் குனிந்து, காலால் மண்ணைக் கிளறினான். வெள்ளையாகப் பிளாஸ்டிக் தெரிந்தது. எழுந்து, கூடத்துச் சுவரில் பழைய போர்டிலிருந்து இறங்கிய எர்த் கம்பியைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினான். அது சமையலறை இரும்புக் குழாயில் நன்றாக, அழகாக, இரண்டு போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தது. எதையோ கணக்குப் பார்க்கிறவன் போல நின்றான்.

"அண்ணி, வெளிய இந்த பிளாஸ்டிக் குழாய் எப்ப போட்டது?"

"அதுவா? இரும்புக் குழாய் துருப்பிடிச்சு ஒழுகிச்சு. அவரே ஒரு ஞாயித்துக்கிழமை தோண்டி, அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு இதை வச்சார். ஒரு சொட்டு ஒழுகல அதுக்கப்புறம். வாலு காலேஜ் சேர்ந்த வருஷம்."

ரேடியோ கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினான், எடுத்தான், மறுபடி செருகினான். ஆயிரக்கணக்கான சட்டைகளில் தப்பிய நூலைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள். ஒரு முகத்தில் தெரிகிற குறையா அவள் கண்ணுக்குத் தப்பும்?

"என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல அண்ணி, பழைய ஹீட்டர், அதான்..."

"டேய், நீ ரெண்டு நிமிஷமா வாயை மூடிக்கிட்டு நிக்கிறே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லு."

அவன் தணிந்த குரலில் சொன்னான். எர்த் கம்பி என்பது கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போவதற்கான வழி. அந்தக் காலத்தில் எல்லோரையும் போல அண்ணனும் அதைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருக்கிறார். இரும்புக் குழாய் தெருவரைக்கும் மண்ணுக்குள்ளேயே போவதால் அது நல்ல எர்த். தப்பே கிடையாது. ஆனால் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வைத்ததும் அந்த வழி வெட்டுப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஹீட்டர் கசிந்தால் கரண்ட் மண்ணுக்குப் போகாது. வீட்டிலுள்ள எல்லாக் குழாயிலும் வந்து நிற்கும். ஃப்யூஸும் போகாது. ஈரத்தரையில் நின்று யாராவது குழாயைத் தொட்டால், அவர்கள் உடம்புதான் வழி.

"ரெண்டு வேலையும் நல்ல வேலை அண்ணி. தனித்தனியா பார்த்தா ஒரு குறை சொல்ல முடியாது" என்றான். பிறகு சுவரைப் பார்த்தபடி, "ஹீட்டர்ல தண்ணி சூடானதும் அது தானா அணைஞ்சிடும். அணைஞ்ச பிறகு தொட்டா ஒண்ணும் தெரியாது" என்று சேர்த்தான்.

அவள் குளியலறை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குழாய் கடிக்குதும்மா.

வாலு சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. பாத்திரம் கழுவும்போது அம்மாவுக்கும் விரலில் சுள்ளென்று தெரிந்திருக்கிறது. "குளிக்கிறதுக்கு உனக்கு சோம்பேறித்தனம், அதுக்குக் குழாய் மேல பழி போடுறியா?" என்று மகளை விரட்டியிருக்கிறாள். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் வீடு முழுக்கப் பிரித்துப் போடுவார், ஷிப்டுக்கு நேரமாகும், அப்புறம் மாசக்கணக்கில் பேச்சுக் கேட்க வேண்டும் என்று, அதையும் அந்த ஓரத்தில் அழுத்தினால் எரியும் விளக்கோடு சேர்த்துவிட்டாள். மகள் போன பிறகு அந்த ஹீட்டரை யாரும் போடவில்லை. அதற்குப் பிறகு குழாய் ஒரு நாள் கூடக் கடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தோமா என்று தேடினாள். இல்லை.

மகளைக் கொண்டுபோனது தன் அப்பாவின் நெஞ்சு இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. இத்தனை காலம் சுமந்தது தன்னுடையதில்லை. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் மிஷினில் படுப்பாரா? இந்த வாரத்துக்குள் படுக்காவிட்டால் இருப்பாரா?

"அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

"நான் வாயைத் திறக்க மாட்டேன் அண்ணி. ஆனா எர்த்தை மாத்தாம விட முடியாது."

"மாத்து. அந்த ஹீட்டரைக் கோணியில போட்டு எடுத்துட்டுப் போயிடு."

முற்றத்தில் புதிதாகக் குழி வெட்டி, கம்பி இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினான். ஃபிட்டரின் ஜன்னலுக்கு நேர் எதிரே அது. பார்க்காமல் இருக்க வழியில்லை.

"ஏண்டா, எர்த்துக்கு என்ன குறைச்சல்? நான் போட்டது இருக்கே."

"ஆஸ்பத்திரி ரூல் அண்ணே."

"ஹீட்டரை எங்க தூக்கிட்டுப் போறே?"

"பழசு அண்ணே."

ஃபிட்டர் அவனையே பார்த்தார். "என்னடா, ரேடியோவுல பேட்டரி தீந்துபோச்சா இன்னிக்கு?"

ரேடியோ சிரிக்க முயன்றான். அவனுக்கு வரவில்லை.

நர்ஸ் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மிஷின் வந்தது. ஊசி குத்துவதிலிருந்து அலாரம் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை ஃபிட்டர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் ஒரு தடவை பார்த்தாலே போதும் என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். முதல் வாரம் நன்றாகப் போனது. வண்டி இல்லை, குலுக்கல் இல்லை. அவர் முகத்தில் கொஞ்சம் நிறம் கூட வந்தது. மகளின் அறையில், இரண்டு குழாய்களில் தன் ரத்தம் போவதும் வருவதுமாக, பேசாமல் படுத்திருந்தார். அவர் கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. குளியலறையில் ஹீட்டர் இருந்த இடத்து வெள்ளைச் சதுரம், குழாய், ஜன்னலுக்கு வெளியே புதுக்குழியின் மண். ஆலையில் நின்றுபோன இயந்திரத்தின் முன் அவர் இப்படித்தான் நிற்பார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். தொடவே மாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு நேராகப் போய் ஒரே ஒரு போல்ட்டைத் திருகுவார்.

இரண்டாவது வாரம், மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"ரேடியோ இந்தக் குழாயில டெஸ்டர் வச்சானா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன தெரியும்? அவன் என்னென்னவோ வச்சான்."

"எரிஞ்சுதா?"

மடித்த துணியை அவள் திரும்பப் பிரித்தாள்.

"ஹீட்டர் பாடி லீக்" என்றார் அவர். ஆலையில் மேஸ்திரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது போன்ற குரல். "எர்த் குழாயில. குழாயை வெட்டி பிளாஸ்டிக் வச்சது நான். வைக்கும்போது எர்த் ஞாபகம் வரல. ஒழுகுறது நின்னா போதும்னு இருந்தேன். கோடையில வச்சேன். குளிர்காலத்துல அவ..." நிறுத்தினார். "நான்தான் கொன்னேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னாரே, அப்பா நெஞ்சு என்று அந்தப் பழைய பழியையே எடுத்துத் தன் தலையில் மறுபடி வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு கணம் அதற்கு வாயையும் திறந்தாள். ஆனால் இந்த மனிதரிடம் வேலை விஷயத்தில் பொய் சொல்லி ஒரு நாளும் தப்ப முடியாது.

"அவ என்கிட்ட சொன்னா" என்றாள். "குழாய் கடிக்குதுன்னு. எத்தனையோ தடவை சொன்னா. எனக்கும் தெரிஞ்சுது. நான் உங்ககிட்ட சொல்லல."

அவர் தலையைத் திருப்பினார். "ஏன்?"

"சொன்னா வீட்டைப் பிரிச்சுப் போடுவீங்க. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகும்."

அவரால் எழுந்து போக முடியாது, முதுகைக் காட்டிப் படுக்கவும் முடியாது. கையில் ஊசிகள். அவள் முகத்தை அவரும், அவர் முகத்தை அவளும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்த அறையில் வேறு வழி இல்லை. அவர் உதடுகள் வெளுத்தன. மிஷின் கீச்சென்று அலறியது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்திடு" என்றார். "ஊசியை எடுத்துடு. போதும்."

அவள் எழுந்தாள். கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தினாள். உப்பு நீர்ப் பையின் கிளிப்பைத் திறந்துவிட்டாள்.

"நல்லா இருக்கே! நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. நான் இதை வச்சுக்கிட்டு இந்த வீட்டுல யார் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது? பாதி உங்களுது, பாதி என்னுது. என் பாதியையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போக உங்களை விட மாட்டேன். உங்க பாதியை என் தலையில போட்டுட்டுப் போகவும் விட மாட்டேன். பேசாம படுங்க."

அலாரத்தை அமர்த்தினாள். திரையில் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க அவரால் கையைத் தூக்க முடியாது. அவளும் துடைக்கவில்லை. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார்.

"உங்க அப்பாவைப் பத்தி நான் அன்னிக்கு..."

அவருடைய ஊசி குத்திய கை அவள் பக்கமாக லேசாக நகர்ந்தது. அவள் குனிந்து, அதை மணிக்கட்டில் அழுத்திப் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"கையை ஆட்டாதீங்க" என்றாள். "ஊசி நகருது."